ஐந்தில் ஒரு சேவல்

மூன்று மாதக் குஞ்சுகளில் கொண்டை சிவந்து வால் வளைந்த ஐந்தும் சேவல் என்று தெரிந்துவிட்டது. பெட்டைகளுக்கு ஒன்று போதும். கறிக்கடைக்காரர் கூண்டோடு வாசலில் நின்றார்.

"செவலைச் சேவலை வெச்சுக்கலாம். நல்ல எடை," என்றான் கணவன்.

"வேண்டாங்க. நொண்டிச் சேவலை வெச்சுக்கலாங்க," என்று மனைவி கெஞ்சினாள்.

"தொண்டை கிழியக் கத்துறதைத் தவிர அதுக்கு என்ன தெரியும்?"

மற்ற மூன்றோடு நொண்டியையும் கூண்டுக்குள் விட்டான். அவள் ஓடிவந்து கூண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில இது கத்தினப்போ பாப்பா திரும்பிப் பார்த்துச்சுங்க. நிஜமான்னு தெரியல, அதான் சொல்லல."

எட்டு மாதக் குழந்தைக்குக் காது கேட்காது என்று நேற்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

அவன் செவலையைக் கூண்டுக்குள் தள்ளினான். நொண்டியை வெளியே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தொட்டிலுக்கு ஓடினான்.