ஒழுகாத குழாய்

ஒரு பழைய வீட்டு அடுப்படியில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. ராவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும். "இன்னைக்கு இது நிக்கலைன்னா கழற்றிப் போட்டுட்டு பிளாஸ்டிக் குழாய் மாட்டிடுவேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பிளம்பர் எதற்கு என்று, தானே ஒரு புது ரெஞ்ச் வாங்கி வந்தார்.

குழாய் ரெஞ்சிடம் கெஞ்சியது. "தம்பி, வாஷரை மாத்தினாப் போதும்ப்பா. என்னைக் காப்பாத்திடு."

"கவலையை விடுக்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்றது ரெஞ்ச். தண்ணீரை நிறுத்த மொட்டை மாடிக்குப் போனது.

தொட்டியடி வால்வு பதறியது. "டேய், என்னைத் திருப்பி வருஷக்கணக்காச்சு. துருதான் என்னைப் பிடிச்சு வச்சிருக்கு. தொடாதே!"

"பெரியப்பாவுக்கு உடம்பு வணங்கலை" என்று சிரித்தபடி ரெஞ்ச் ஒரே முறுக்கு முறுக்கியது. வால்வு மூடிக்கொண்டது. அடுப்படியில் புது வாஷர் ஏறியது. மறுபடி மாடிக்குப் போய்த் திறக்கப் பார்த்தால், வால்வின் கைப்பிடி கழன்று வந்துவிட்டது.

வீட்டில் பொட்டுத் தண்ணீர் இல்லை. குளியலறையிலிருந்து, "தலையெல்லாம் சீயக்காய், யாரு தண்ணியை நிறுத்தினது?" என்று மனைவி கத்தினாள்.

வீட்டுக்காரர் அடுப்படிக்கு ஓடிவந்து குழாயைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, ஒரு சொட்டு ஒழுகலை! இந்தக் குழாயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாளியோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"என்னக்கா, வாஷர் நல்லா உட்கார்ந்துச்சா?" என்றது ரெஞ்ச்.

"தண்ணி வந்தால்ல தெரியும்" என்றது குழாய். "பெரியப்பாவை மெதுவாவே சரி பண்ணு தம்பி, ஒண்ணும் அவசரமில்லை."