ஏழாவது பூச்சு

முதலாளியின் பெயரில் கண்காட்சிக்குப் போகவேண்டிய மாடல் கார் அது. அவள் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஏழு பூச்சு முடித்திருந்தாள். உப்புத்தாளைக் கையால் தொட்டறியாத முதலாளி சுழல்நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேஜைமேல் இருந்த காரைக் குனிந்து பார்த்தார்.

“வழவழப்பே வரல. என் மூஞ்சி தெரியலையே. டிகிரி படிச்சு என்னத்தக் கிழிச்சே? மறுபடி அடி, இல்லேன்னா வேலைய விட்டுப் போ.”

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். காரின் கூரையில் டியூப்லைட் தெரிந்தது. அவள் கன்னத்துப் பருகூடத் தெரிந்தது. அந்தப் பிம்பத்தில் அவளுக்கு முன்னால் அவருடைய சுழல்நாற்காலி காலியாக இருந்தது.

“பெயிண்ட்ல குறை ஒண்ணுமில்ல சார். நாளையிலேர்ந்து நான் வரல.”

“யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா?” என்று முதலாளி அவள் பக்கம் திரும்பினார்.

காரின் கூரையில் காலி நாற்காலியும் திரும்பியது.