பன்னிரண்டு வயரில் ஒரு வருக

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், நெல்லியடிப் பக்கத்து எங்கள் வாசிகசாலையின் வாசலில், நூற்று முப்பத்திரண்டு விளக்குகள் வெறும் பன்னிரண்டே வயர்களில் எரிய இருக்கின்றன.

ஒலிவாங்கியில் இப்படி முழங்கியவர் தலைவர் நமசிவாயம். நெருப்பைக் கண்டுபிடித்தவரும் தாமே என்பது போன்ற குரல்.

அந்த விளக்குப் பலகையைச் செய்தது அவருடைய மனைவி சிவகௌரி. பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிப்பவர். ஒரு மாதமாய்ச் சாப்பாட்டு மேசையில் ஈயம் உருக்கி ஒட்டியவர். 'வருக' என்று எழுத்து எழுத்தாய் வரவேண்டும்.

"இஞ்சருங்கோ, ஒரு நேரத்திலை ஒண்டுதான் எரியும். மாறி மாறி ஓடுற வேகத்திலை கண்ணுக்குச் சேர்ந்து எரியிறமாதிரித் தெரியும். பிழையாச் சொல்லிப்போடாதேங்கோ" என்று பக்கத்தில் நின்று எச்சரித்தார் சிவகௌரி.

"அனைத்தும் ஒருங்கே!" என்றார் நமசிவாயம், ஒலிவாங்கியில்.

முன்வரிசையில் செயலாளர் செல்வரட்ணம் கால்மேல் கால் போட்டிருந்தார். பலகையைக் கடையில் வாங்குவோம் என்று மூன்று கூட்டங்களில் வாதாடித் தோற்றவர்.

பலகை சரிவந்தால் சனிக்கிழமைகளில் சிவகௌரி மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தலாம். சரிவராவிட்டால் மண்டபம் செல்வரட்ணத்தின் கரம்போட் விளையாட்டுக்கு. தீர்மானம் அப்படி.

பிரதம விருந்தினர் மின் ஆளியை அழுத்தினார்.

'வ' வரவில்லை. 'ரு' வரவில்லை. கோழிக்கு எறிந்த குரக்கன் தானியம்போலப் புள்ளிகள் சிதறி மினுங்கின.

"வருகவோ, போகவோ அண்ணை?" என்றார் செல்வரட்ணம்.

சிவகௌரி பலகையடிக்கு ஓடினார். வயர் மாறியிருக்கிறது. ஒன்று இடம் மாறினாலே கட்டளை வேறு விளக்குக்குப் போய்விடும். நேற்றுப் பின்னேரம் எட்டுத்தரம் சரிபார்த்தாரே, எங்கே பிசகியது?

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ளாத நமசிவாயம் தொண்டையைச் செருமினார்.

"அவவிலை பிழையில்லை. வயரை மாத்திக் கொழுவினது நான்."

சபை அசந்துபோனது. மனிசிக்காகப் பழியைத் தன் தலையில் போட்ட மனிசன்! கைதட்டல் எழுந்தது. செல்வரட்ணமே காலை இறக்கிவைத்துத் தட்டினார். வகுப்பு நடக்கட்டும் என்று பின்வரிசையில் ஒரு குரல். ஓம், ஓம் என்று பல குரல்கள்.

சிவகௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பன்னிரண்டு வயரையும் பழையபடி கொழுவினார். 'வருக' வந்தது.

பிறகு, சீனி வருத்தக்காரரான கணவருக்கு ஒருநாளும் கொடுக்காத சீனித் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துக் காதோடு சொன்னார்: "எனக்காண்டிப் பொய்யும் சொல்லுவியளெண்டு இவ்வளவு காலமும் தெரியாமப் போச்சே."

நமசிவாயம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. காலையில், விருந்தினர் பார்க்க வடிவாயிருக்கட்டும் என்று, எல்லா வயரையும் கழற்றி நிறவாரியாக அடுக்கிக் கொழுவியவர் அவர்தான்.