மூன்றாவது மாடி

"ஸ்கேன் யாரோடது?" என்று கேட்டார், மூன்றாவது மாடி டாக்டர்.

படத்தை நீட்டிய பெண் நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "என் அக்காவோடது. உண்மையைச் சொல்லுங்க."

படத்தைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "நுரையீரல் தேன்கூடு மாதிரி ஆயிடுச்சும்மா. ரெண்டு வருஷம் தாண்டுறதே கஷ்டம்."

"எமனுக்கே நீங்கதான் நாள் குறிச்சுக் குடுக்கறீங்களா?"

"கோபப்படாதீங்க. இந்த நெஞ்சோட ஒரு மாடி ஏற முடியாது. அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க."

அவள் படத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு அக்காவே கிடையாது டாக்டர். உங்க லிஃப்ட் ரிப்பேர். நின்னு நின்னு மூணு மாடியும் ஏறித்தான் வந்தேன். நீங்க சொன்னதையும் தாங்கிட்டேன். மூணாவது வருஷமும் வருவேன். லிஃப்ட்டைச் சரி பண்ண அவசரப்படாதீங்க!"