ஆறடி மூன்றங்குலத்துக்கு ஒரு கார்

லெட்சுமணனின் முழங்கால்கள் ஸ்டீயரிங்கின் இரண்டு பக்கமும் காதுக்கு நேராக நின்றன. அந்தச் சிவப்புக் காருக்குள் அவனாகவே போய்விட்டான். வெளியே எடுக்கத்தான் இரண்டு ஆள் தேவைப்பட்டது.

“இது தொரைமாருக்குச் செஞ்சதா, தொரை வீட்டு நாய்க்குச் செஞ்சதா?” என்றார் தம்பையா முதலாளி. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்தத் தெருவில் முதலில் கார் வாங்கியவர் என்பதால், யார் கார் பார்க்கப் போனாலும் அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தேயிலை விலை விழுந்து, வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த முப்பத்திரண்டாம் வருஷம் அது. அவர்கள் விட்டுப்போன கார்களைப் பழைய கார் வியாபாரி மக்பூல் நாநா தன் முற்றத்தில் நிறுத்தி, வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். நோர்வூட் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த லெட்சுமணனுக்கு, நுவரெலியா குதிரைப் பந்தயத்தில் சுளையாக ஒரு தொகை விழுந்திருந்தது.

“எதுக்குத் தம்பி இம்புட்டு வேகமான கார்?”

“ஒரு போட்டிங்க முதலாளி. இங்கேருந்து நுவரெலியாவுக்கு. பின்னால ஒரு பெரிய அமெரிக்கக் கார் வெரட்டிக்கிட்டு வரும்.”

மக்பூல் நாநாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஹட்டனில் பெரிய அமெரிக்கக் கார் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் இப்போது நீலக் காரின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வேணாம் தம்பி. நம்ம ஊருக்கு வர்ற பெற்றோல் மட்டச் சரக்கு. இதுல ஊத்துனா டொக்கு டொக்குன்னு தட்டும். மேல போகப் போகக் காத்தும் மெலிசாயிரும். ஏத்தத்துல நமக்கே மூச்சு வாங்குது, இது உசுரையே விட்டுரும்.”

மூலையில் ஒரு பச்சைக் கார் கிடந்தது. கூரை இல்லை, இரண்டே ஆசனம். ஒன்றில் மக்பூல் நாநாவின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தம்பையா கோழியைத் தூக்கி நாநாவின் கையில் கொடுத்தார்.

“இதான் வண்டி! பெரிய இன்ஜின், ஆனா அடக்கமான இன்ஜின். எந்தப் பெற்றோலக் குடுத்தாலும் மொகஞ்சுளிக்காமக் குடிக்கும். பெற்றோல் வர்ற ஓட்டைய மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிக்க, மலைக்காத்துக்குச் சரியா இருக்கும்.”

லெட்சுமணன் ஏறி உட்கார்ந்தான். கால்கள் தாராளமாக நீண்டன. தலை மட்டும் முன்கண்ணாடிக்கு மேலே நின்றது.

“தல வெளிய தெரியுதுங்களே.”

“தெரியட்டும். மழை பேஞ்சா குளிச்சுக்க.”

“பக்கத்துல உக்கார்றவங்களும் ஒசரமுங்க,” என்றான் லெட்சுமணன். “ஒரு டிரங்குப் பெட்டியும் இருக்கும்.”

“போட்டிக்கு எதுக்குப்பா டிரங்குப் பெட்டி?”

“பாரத்துக்குங்க. வளைவுல தூக்கியடிக்காம இருக்க.”

அது நியாயம்தான் என்பதுபோலத் தம்பையா தலையாட்டினார். தானே பக்கத்து ஆசனத்தில் ஏறிக் காலை நீட்டிப் பார்த்தார். “நாநா, இதை நாலங்குலம் பின்னால தள்ளி வச்சுக் குடுங்க. முழங்கால் இடிக்கக் கூடாது.”

அவர் போன பிறகு மக்பூல் நாநா தலையில் கை வைத்துக்கொண்டார். “யா அல்லாஹ், இந்த மனுசனுக்கு யாராச்சும் சொல்லப்படாதா?”

அடுத்த சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சண்முகராஜா துணிக்கடைக்குள் ஓடிவந்தான். தம்பையாவின் இறந்துபோன மனைவிக்குத் தம்பி. கட்டிய மனைவியை அடித்தே தாய்வீட்டுக்கு விரட்டியவன். முறைமாமன் என்ற உரிமையில், அக்காளின் சாவு வீட்டிலேயே சொந்தபந்தம் பார்க்க, தம்பையாவின் மகள் பூரணியைத் தனக்கே தருவதாக வாக்கு வாங்கியிருந்தான். அவளுடைய தோளுக்குத்தான் வருவான்.

“மச்சான்! பூரணி அந்த நெட்டை டீமேக்கரோட பச்சைக் கார்ல போறா! பன்னண்டு மணிக்கு ரெஜிஸ்டர் கந்தோர் சாத்துறதுக்குள்ள நுவரெலியாவுல கல்யாணப் பதிவாம்!”

தம்பையா கடைக்குப் பின்னால் மூன்றாம் முறையாகச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்தார். “ஏறு வண்டியில,” என்றார்.

அமெரிக்கக் கார் உறுமிக்கொண்டு கிளம்பியபோது கடைத்தெருவே வாசலுக்கு வந்து நின்றது. மகள் ஓடிப்போகத் தானே கார் பொறுக்கிக் கொடுத்த தகப்பனைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. மக்பூல் நாநா மட்டும் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

தலவாக்கலையைத் தாண்டியதும், எதிர் மலையின் தேயிலைக்கு நடுவே பச்சைக் கார் ஏறுவது தெரிந்தது. கண்ணாடிக்கு மேலே இரண்டு தலைகள்.

“அமுக்குங்க மச்சான்! புடிச்சிரலாம்!”

தம்பையா அமுக்கினார். லிந்துலை ஏற்றத்தில் கார் ஒருமுறை இருமியது. பிறகு டொக்கு டொக்கென்று தட்டி, வெள்ளைப் புகையைக் கக்கி, வளைவில் படுத்துவிட்டது.

சண்முகராஜா இறங்கி, இன்ஜினைக் கிளப்ப முன்கைப்பிடியைச் சுற்றினான். வேட்டி அவிழ அவிழ, அரைமணி நேரத்துக்கு மேல் சுற்றினான். கார் அசையவில்லை.

“எல்லாம் உங்களாலதான்! அவனுக்குக் கார் பொறுக்கிக் குடுத்த மடையன் நீங்கதானே? ஊரே சிரிக்குது!” என்று கத்திக்கொண்டே பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து முகர்ந்தான். முகம் மாறியது. “மச்சான், மண்ணெண்ண நாறுது! எந்தப் பய இதுல மண்ணெண்ணய ஊத்துனான்?”

தம்பையா கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம். கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரோட்டோரக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“நான்தான்.”