மூன்றாம் கவுன்ட்டர் பேனா

மூன்று செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒன்று: அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் காப்பீடு இல்லாத மாணவர், வளாக மருத்துவமனை டாக்டரின் அறைக்குள் கால் வைக்க முடியாது. வளாகத்தைத் தாண்டினால் அடுத்த மருத்துவமனை ஒன்றரை மணி நேரப் பயணம்.

இரண்டு: 'அப்பாவின் அலுவலகக் காப்பீடே எனக்கும் போதும்' என்று விண்ணப்பித்தால், அதைச் சரிபார்க்கப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் விண்ணப்பித்தவர் எந்தக் காப்பீட்டிலும் சேர்த்தி இல்லை.

மூன்று: அந்த மருத்துவமனைக் கூடத்தின் மூன்றாம் கவுன்ட்டரில் இருக்கும் அம்மையாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பூட்டு'. பேச்சையும் சேர்த்துப் பதிவுசெய்யும் கேமரா தலைக்கு மேலே இருப்பதால்தான் அவர் இவ்வளவு கறார் என்பர் சிலர். பிறவிக் குணம் என்பர் பலர். கவுன்ட்டருக்கு முன்னால் கிடந்த நாற்காலிகளை அப்புறப்படுத்தியவரும் அவரே.

அந்தப் பத்து நாளில் ஐந்தாம் நாளில் இருந்த முதுகலை மாணவி ஒருத்தி, அன்று காலை வயிற்றின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து நின்றாள். அவளைத் தாங்கிப் பிடித்திருந்தவள் அவளுடைய அறைத்தோழி.

"மேடம், நேத்துலேர்ந்து இவளுக்கு வலி தாங்கல. டாக்டரைப் பார்க்கணும்," என்றாள் தோழி.

பூட்டு கணினியைப் பார்த்தார். "விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு. அஞ்சு நாள் கழிச்சு வாங்க."

"அஞ்சு நாள் வலியைத் தள்ளிப்போடச் சொல்றீங்களா?"

"வலியைப் பத்தி எனக்குத் தெரியாது. தேதியைப் பத்தித்தான் தெரியும்."

பிறகு மாணவியை ஏற இறங்கப் பார்த்தார். "தலை சுத்துதா?"

"இல்ல மேடம். வயிறுதான்."

"நான் கேட்டது தலையை."

"தலை நல்லா இருக்கு மேடம்."

"கண்ணை இருட்டிக்கிட்டு வருதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மாணவி நன்றாகவே யோசித்தாள். வராத தோழிக்காக வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துக்கூடப் போட்டறியாதவள் அவள்.

"இல்ல மேடம். பளிச்சுன்னு தெரியுது. உங்க பின்னாடி காலண்டர்ல போன மாசம்கூட இன்னும் கிழிக்காம இருக்கு."

பூட்டு பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு படிவத்தை எடுத்துக் கவுன்ட்டரின் மேல் வைத்தார்.

"இதை நிரப்புங்க. நின்னுக்கிட்டேதான்."

"துடிக்கிறவளை நிக்க வெச்சுப் படிவம் நிரப்பச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று தோழி கத்தினாள்.

"அது படிவத்துல இல்ல," என்று பூட்டு பேனாவை நீட்டினார்.

மாணவி கை நீட்டுவதற்குள் பேனா நழுவித் தரையில் விழுந்தது. தோழி சட்டென்று குனிந்து எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தாள்.

"உங்களை யாரு எடுக்கச் சொன்னது?"

"என்னது?"

"விண்ணப்பம் போட்டவங்கதான் எடுக்கணும்."

பூட்டு அதே பேனாவை மறுபடியும் கீழே போட்டார். இந்த முறை அது நழுவியது என்று எவரும் சொல்ல முடியாது.

"ஏய், எடுக்காதடி! இந்தம்மாவுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு!"

ஆனால், பெரியவர்கள் சொல்லைத் தட்டி மாணவிக்குப் பழக்கமில்லை. குனிந்தாள். பாதியிலேயே வலி சுருட்டிப் பிடிக்க, மண்டியிட்டுத் தரையில் இரு கைகளையும் ஊன்றிவிட்டாள்.

உடனே மணி அலறியது. பூட்டு பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

"மூணாம் கவுன்ட்டர்ல மாணவி விழுந்துட்டாங்க! நேரம் பத்து பன்னிரண்டு!"

"நான் விழல மேடம்," என்று கீழிருந்து குரல் வந்தது. "குனிஞ்சேன்."

"குனிஞ்சவங்க எந்திரிப்பாங்க. எங்க, எந்திரிங்க பார்ப்போம்."

அவள் முயன்றாள். முடியவில்லை.

"எந்திரிக்க முடியுதா? கேமராவுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"முடியல மேடம்." அது உண்மையாக இருந்ததால் சொன்னாள்.

"அப்ப விழுந்ததுதான்."

கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்ததுபோல ஸ்ட்ரெச்சர் வந்தது.

அன்று மாலையே தோழி நான்கு பக்கப் புகார் எழுதிக் கொடுத்தாள். நாற்காலிகளை அகற்றியது, பேனாவை வேண்டுமென்றே எறிந்தது, விழுந்து கிடந்தவளைக் கேலி செய்தது என்று ஒன்றையும் விடவில்லை.

விசாரணைக்குப் பின் உறுதியானவை இவை:

மாணவியின் குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது. டாக்டர் கைவைத்துப் பார்த்த உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார். அன்று பகலிலேயே அறுவைச் சிகிச்சை முடிந்தது. அவள் நலம்.

மருத்துவமனைக் கூடத்துக்குள் விழுந்தவரின் சிகிச்சை எங்கே நடந்தாலும், அதன் முழுச் செலவையும் காப்பீடு கேட்காமல் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும் என்பது இருபத்தேழாம் விதி. நாற்காலியில் உட்கார்ந்தவர் சரிந்தால், அது விழுந்ததாகாது என்பது அதன் உட்பிரிவு.

நாற்காலிகள் அகற்றப்பட்டது, அந்த உட்பிரிவு வந்த மறுநாள்.

அன்றுமுதல் மூன்றாம் கவுன்ட்டரின் முன் விழுந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அத்தனை பேரும் பேனா எடுக்கக் குனிந்தவர்கள். அத்தனை பேரும் அந்த நேரத்தில் காப்பீடு இல்லாதவர்கள்.

பேனாவை இனி நூலால் கவுன்ட்டரோடு கட்டிவைக்க வேண்டும் என்றும், புகார் கொடுத்தவரே வந்து தம் மனம் நிறையும்படி கட்டிக்கொள்ளலாம் என்றும் உத்தரவாயிற்று.

தோழி வந்தாள். பூட்டின் முகத்தை நிமிர்ந்து பாராமலேயே, மூன்று முறை அளந்து பார்த்துக் கட்டிவிட்டுப் போனாள்.

நூலின் நீளம், சரியாகத் தரை வரை.