ஒத்தப் பிள்ளை

"என் மகன எப்படியாச்சும் சேத்துக்கோங்க ஐயா!" ரெங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதாள். பக்கத்தில் நிஷாந்த் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சற்று முன்தான் லயத்து வீட்டின் தாழ்ந்த வாசல் நிலையில் நங்கென்று முட்டிக்கொண்டிருந்தான்.

தர்மராசா ஐயா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வீடு பார்க்க வந்திருந்தார். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பட்டத்தோடு நின்றுவிடாமல் மேற்படிப்புக்குப் போக, பதுளையில் ஆகஸ்ட் விடுமுறைக்கு அவர் ஒரு பயிற்சி முகாம் நடத்துகிறார். வீட்டைக் கண்ணால் காணாமல் யாரையும் சேர்ப்பதில்லை.

"போன முறை டவுன் ஆக்கள் கொஞ்சப்பேர் பொய் சொல்லி நுழைஞ்சிட்டினம். இந்த முறை அது நடக்காது. பொய் எண்டு கண்டால் பேரை வெட்டிப்போடுவன்."

பெரிய துப்பறிகிறவர்தான்! கரிபிடித்த சுவரைப் பார்த்தார், ஒழுகும் தகரத்தைப் பார்த்தார், ரெங்கம்மாவின் கிழிந்த சேலையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அவள் நீட்டிய பிளேன்டீயை, கோப்பை விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்த பிறகுதான் வாயில் வைத்தார்.

"வேற பிள்ளையள் இருக்கினமோ?"

"இல்லைங்க. ஒத்தப் புள்ளைங்க, இவன் ஒருத்தந்தான்."

"உங்கட ஆக்களுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, ஒண்டுமில்லை. முழுத் தோட்டத்துக்கும் ஒரே விலாசம்! நாளைக்கும் இஞ்ச இன்னொரு பிள்ளையின்ர வீடு பாக்க வரவேணும். மாறிப்போகக் கூடாது, ரெண்டு பேரும் வாசல்ல நில்லுங்கோ."

தாயையும் மகனையும் சேர்த்துப் படம் பிடித்தார். "தம்பிக்கு இடம் நிச்சயம்" என்று நிஷாந்தின் தோளில் தட்டிவிட்டுப் புறப்பட்டார்.

ஜீப் வளைவில் மறைந்ததுதான் தாமதம், ரெங்கம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "வாசல்ல முட்டுனப்பவே மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். அதக்கூடக் கவனிக்கல, படிச்ச கழுத! கண்ணீரக் கண்டா சொக்கிப்போயிருது. நாளைக்கு எவ அழப்போறாளோ!"

நிஷாந்த் பளபளக்கும் சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டினான். பதுளை பஜாரில் அவனுடைய அப்பாவுக்கு இரண்டு மாடி ஜவுளிக்கடை. "பட்டுச்சேலைய நாளைக்குக் கடையில வந்து எடுத்துக்க, ரெங்கம்மா" என்றான். அம்மா என்ற சொல் ஜீப்போடு போய்விட்டது.

போகட்டுமே! யார் அம்மா என்றால் அவளுக்கென்ன? ஊதாப் பட்டு, அகலச் சரிகை. அதைக் கட்டிக்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கப்போகும் தன் மகள் சிவசக்தியை நினைத்ததும் ரெங்கம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அந்திப் பஸ்ஸில் சிவசக்தியே வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள்.

"ஒங்கிட்டச் சொல்லாம அந்த ஆகஸ்ட் முகாமுக்கு எழுதிப் போட்டேம்மா. அது மட்டும் கெடைச்சா மேல படிச்சிருவேன், நீ கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிரலாம்."

ரெங்கம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குத் தர்மராசா சேர் நம்ம வீட்டப் பாக்க வாறாரும்மா!"